ஆப்பிள் தலையில் அமெரிக்கச் சீட்டு!

மில் தொழிலாளி ஒருவர், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சம்பந்தியைப் பார்க்கப் புறப்படுகிறார். வழியில் பழக்கடை. ஒரு பக்கம் சிம்லா ஆப்பிள். மறுபக்கம் சீட்டு ஒட்டிய வாஷிங்டன் ஆப்பிள். சீட்டு ஒட்டியதற்கு விலை கூடுதல். இருந்தும் அவர் கை எதன்மீது போகிறது? "ஃபாரின் பழம், மதிப்பாக இருக்கும்" என்கிறார்.

தோழரே, அந்த மதிப்பைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போமா?

மண்ணுக்கு ருசி உண்டு. அதை எந்த விவசாயியும் மறுக்கமாட்டான். விருப்பாச்சி மலைவாழையின் மணம் சமவெளி வாழைக்கு வராது. ஆனால் இங்கே பேச்சு மண்ணைப் பற்றி அல்ல, சீட்டைப் பற்றி!

வாஷிங்டன் ஆப்பிள் என்று நெடுங்காலமாக நம் கடைகளுக்கு வந்த கருஞ்சிவப்புப் பழத்தின் ரகம் ரெட் டெலிஷியஸ். அது பிறந்தது வாஷிங்டனில் அல்ல. அயோவா மாகாணத்தில், 19ஆம் நூற்றாண்டில். அதே ரகத்தைத்தான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் சிம்லாவை அடுத்த கோட்கர் மலையில் நட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து 1921இல் சிறை சென்றவரும் அவரே. ஆக, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

பின் வித்தியாசம் எங்கே? பணத்தில். அங்கே பழம் பறிப்பது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. பிராணவாயுவைக் குறைத்த குளிர் அறைகளில் மாதக்கணக்கில் பூட்டி வைத்து, மெழுகு பூசி, கப்பல் ஏற்றுகிறார்கள். நாம் 'புதுப்பழம்' என்று வாங்குவது பல மாதம் உறங்கிய பழமாகவும் இருக்கலாம்! விளம்பரத்துக்கென்றே 1937இல் அந்த மாகாணம் சட்டப்படி ஒரு கமிஷன் அமைத்தது. இமாசலத்துச் சிறு விவசாயிக்கோ குளிர் அறை ஏது? பறித்த கையோடு மண்டியில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியவன் அவன்.

சர்க்கார் என்ன செய்தது? அமெரிக்க ஆப்பிள் மீது 2019இல் போட்ட 20 சதவீதக் கூடுதல் வரியை 2023இல் எடுத்துவிட்டது. 70 சதவீத வரி 50 ஆனது. அதற்கு முந்திய வருஷந்தான், 2022 ஆகஸ்டில், ஆப்பிள் விவசாயிகள் சிம்லாவில் தலைமைச் செயலகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். இறக்குமதி வரியை 100 சதவீதம் ஆக்கு என்று கேட்டார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு!

அப்படியானால் அமெரிக்கத் தொழிலாளி நம் எதிரியா? இல்லவே இல்லை! அதே வாஷிங்டன் மாகாணத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், கொரோனா பரவிய 2020 மே மாதம், பழம் கட்டும் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்பு கொடு, ஆபத்துப் படி கொடு என்று கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தார். அந்தச் சேதி சீட்டில் அச்சாகவில்லையே, ஏன்?

சீட்டு ஊர்ப்பெயரைச் சொல்லும், கூலியைச் சொல்லாது. வாஷிங்டன் என்ற பெயரை யாக்கிமாத் தொழிலாளியின் வேர்வை வளர்த்தது. சிம்லா என்ற பெயரைக் கோட்கர் விவசாயியின் முதுகு சுமந்தது. பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை மட்டும் இடையில் நிற்பவன் பெட்டிக்குப் போகிறது.

நாம் நெய்த துணியிலும் மில்லின் முத்திரைதானே இருக்கிறது? நம் பெயர் இருக்கிறதா? ஆகவே, அடுத்த முறை பழக்கடையில் நிற்கும்போது சீட்டைப் பார்க்காதீர்கள். பறித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். சம்பந்திக்கு நாலு மலைவாழை கொண்டுபோனாலும் மதிப்புக் குறையாது!