எனக்கு ரெண்டு பசங்க



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைக் கோப்பில் சேர்க்க மனமில்லாமல் மேசைமேலேயே வைத்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கு முதல் தடவையாகப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, இவர் தயங்காமல் "ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்" என்றிருக்கிறார். அந்த அம்மாளின் பார்வை ஒரு நொடி இவர் வயிற்றுப் பக்கம் போய் வந்ததாம். ஏழு வயதுப் பேரன் குறுக்கே புகுந்து, "பாட்டி, ஹேவிங் இல்ல, ஹேவ்!" என்று திருத்தியிருக்கிறான்.

"இத்தனை வருஷமும் இப்படித்தானே பேசினேன், ஒருத்தரும் சிரிக்கவில்லையே, இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்.

அம்மா, நம் ஊரில் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறோம், அப்புறம் சிரிக்க யார் இருக்கிறார்கள்? என் முதல் வேலைக்கான நேர்காணலில் நானும் "ஐ ஆம் ஹேவிங் த்ரீ எல்டர் சிஸ்டர்ஸ்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னவன்தான். வேலை கிடைக்கவில்லை. அதற்கு அக்காமார் காரணமில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன்.

தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தமிழில் 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல்லே கிடையாது. 'எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க' என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் பசங்கதான், நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் நாம் நடுவில் வந்து நின்று, பிள்ளைகளைச் செயப்படுபொருளாக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'பிடித்துக்கொள்ள' என்பதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஹேவ் என்ற சொல்லின் வேரே பற்றுதல், கைப்பற்றுதல்தான். 'கேப்சர்' என்ற சொல்லைத் தந்த லத்தீன் வினைக்கு அது ஒன்றுவிட்ட உறவு. அச்சில் பார்த்தால் லத்தீனின் 'ஹாபேரே'யும் ஹேவும் அண்ணன் தம்பிபோல இருக்கும், பொருளும் ஒன்றே. ஆனால் அந்த இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. ஹாபேரேக்குச் சொந்தமான ஆங்கிலச் சொல் 'கிவ்' என்பது மொழியியலாளர்கள் கணக்கு. வைத்திருப்பதும் கொடுப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்!

நம்மைப்போல 'இருக்கிறது' என்று சொல்லி ஒப்பேற்றுபவர்கள் உலகில் நிறையப்பேர். ரஷ்யர்கள் 'என்னிடம் இருக்கிறது' என்ற கணக்கில்தான் பேசுகிறார்கள். அந்த லத்தீனிலேயே 'எனக்கு இருக்கிறது' என்று சொல்லும் வழியும் உண்டு. ஆனால் நம்மிடம் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 'என்கிட்ட நூறு ரூபா இருக்கு' என்போம், 'எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா' என்போம். மாற்றிப் போட்டு 'என்கிட்ட ஒரு தங்கச்சி இருக்கா' என்றால் கேட்பவர் பதறிப்போய் யார் வீட்டுப் பெண் என்பார். பிரிக்க முடியாத உடைமை தற்கிழமை, பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை என்று நம் இலக்கணக்காரர்கள் ஆறாம் வேற்றுமையில் வகுத்தார்களே, அதே மாதிரியான ஒரு கணக்கைப் பேச்சிலும் நாம் யோசிக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. தங்கை, நூறு ரூபாய், ஜலதோஷம், காலைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே ஹேவ்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. பேரன் சொன்னான் என்பதற்காக 'ஹேவிங்' என்பதையே ஒதுக்கிவிடாதீர்கள். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சுத்தமான ஆங்கிலம். அங்கே ஹேவ் என்றால் உண்பது, நடந்துகொண்டிருக்கிற காரியம். ஒருவருக்கு மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது 'ஹி இஸ் ஹேவிங் எ ஹார்ட் அட்டாக்' என்றே கத்த வேண்டும், இலக்கணத்துக்குப் பயந்து நிற்கக்கூடாது. உடைமையையும் உறவையும் சொல்லும்போதுதான் 'இங்' ஒட்டாது. ஒட்டினால் அது ஒரு நிகழ்ச்சி ஆகிவிடும். 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் பிரசவம். இப்போது தெரிகிறதா, அந்த அமெரிக்க அம்மாள் ஏன் உங்கள் வயிற்றைப் பார்த்தார் என்று?

நம் தலைமுறைக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலேயே தொடர்காலத்தில் வராத வினைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலை ஒப்பித்துவிட்டு, வாயைத் திறந்தால் 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட் சார்' என்றோம். மும்பைக் கவிஞர் நிசீம் எசெக்கியேல் இந்த 'இங்' பழக்கத்தை வைத்தே மிஸ் புஷ்பாவின் பிரிவுபசார விழா என்று ஒரு கவிதை எழுதிவிட்டார். ஆக, குற்றவாளிக் கூண்டில் தமிழர்கள் மட்டும் நிற்கவில்லை.

ஹேவ் செய்யும் இன்னொரு வேலையில் பத்திரிகை ஆசிரியர்களாகிய நாங்களே வழுக்கி விழுகிறோம். 'போன மாதம் உங்களுக்கு எழுதியிருந்தேன்' என்று வாசகர்கள் எழுதுவீர்கள். அழகான தமிழ். எழுதினேன் என்பதைவிட எழுதியிருந்தேன் என்பதில் ஒரு காத்திருப்பு இருக்கிறது, 'பதிலைக் காணோமே' என்கிற மென்மையான இடியும் இருக்கிறது. அதை அப்படியே 'ஐ ஹேட் ரிட்டன் டு யூ லாஸ்ட் மன்த்' என்று போட்டால் ஆங்கிலக்காரர் 'அப்புறம்?' என்று மீதிக் கதைக்குக் காத்திருப்பார். அந்த 'ஹேட்' வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு பழைய சம்பவமும் பேச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் 'ஐ ரோட்' போதும். அந்த மென்மையான இடி ஆங்கிலத்தில் காணாமல் போகும்தான். எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

முடி வெட்டும் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'நேத்து முடி வெட்டினேன்' என்று நாம் சொன்னால், கத்தரி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கொத்தனார் கட்டிய வீட்டை 'நான் கட்டின வீடு' என்கிறோம், கடன் கட்டுவது நாம்தானே! ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன் நின்று நாமே வெட்டிக்கொண்டோம் என்றே முதலில் தோன்றும். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றால்தான் சலூன்காரர் உள்ளே வருகிறார். அடுத்தவர் உழைப்பை ஒப்புக்கொள்ளும் இந்த ஒரு இடத்தில் ஹேவ் நம்மைவிடக் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்கிறது.

கடிதத்தை மேசையிலேயே வைத்திருப்பதற்கு அதன் பின்குறிப்புதான் காரணம். பேரன் திருத்திய அன்று ராத்திரி, இவர் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறார். "உன்னைப் பத்தி ஒரு வரி சொல்லு கண்ணா" என்று கேட்க, அவனும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்: "நான் ஒரு அக்கா வச்சிருக்கேன்."

சமையலறையில் இருந்த மருமகளுக்குப் புரையேறிவிட்டதாம்.

அன்புடன்,
ஆசிரியர்