மகளின் படிப்பை நிறுத்துவது காவல் ஆகாது

2022 அக்டோபர் 13 அன்று சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், பின்தொடர்ந்து வந்த இளைஞன் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. குற்றவாளி யார் என்பதில் நீதிமன்றத்துக்குக் குழப்பமில்லை. ஊர் வாய்க்குத்தான் குழப்பம். 'அவனோடு எதற்குப் பேசினாள்?' என்று கேட்கிறார்கள். பேசியிருக்கட்டும், பழகியும் இருக்கட்டும். விலகிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லையா?

இந்தப் பேச்சே வீட்டுக்குள் பெற்றோரின் பயமாக நுழைகிறது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மகளுக்காகக் காத்திருக்கும் தாயின் தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயம் முதலில் மகளின் செல்போனைப் பறிக்கிறது. அடுத்து மாலை வகுப்பை, கடைசியில் கல்லூரியையே. இது தெரிந்த பெண், பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் நிற்பதை வீட்டில் சொல்வாளா? மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே அந்த மௌனத்தைத்தான். எதைச் சொன்னாலும் படிப்பு நிற்காது என்று பெற்றோர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும்.

பெற்றோரின் வாக்கு மட்டும் போதாது; சட்டமும் காவல்துறையும் துணை நிற்க வேண்டும். 1998-இல் சென்னையில் சீண்டலுக்கு ஒரு மாணவி பலியான பிறகே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. பின்தொடர்வதை 2013-இல் மத்திய அரசு குற்றமாக்கியபோது, முதல் முறை என்றால் ஜாமீன் உண்டு என்று வைத்தது. 2025 ஜனவரியில் தமிழக சட்டப்பேரவை தண்டனைகளைக் கடுமையாக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது; வரவேற்கிறோம். ஆனால் இரு தரப்பையும் உட்காரவைத்து, 'இனி தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று எழுதி வாங்கி அனுப்பும் பழக்கத்தைக் காவல் நிலையங்கள் உடனே கைவிட வேண்டும். முதல் புகாரிலேயே வழக்குப் பதிய வேண்டும்.