யந்திரம் வந்த பிறகு

தென் அமெரிக்காவில், பிரேசில், அர்ஜென்டினா என்னும் இரு பெரும் தேசங்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் உருகுவே, சுமார் 35 லட்சம் ஜனங்களை மட்டுமே கொண்ட சிறு குடியரசு. பெரிய ராஜ்யங்கள் கமிட்டிகளை நியமித்து யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், அது தன் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டது. 2007ஆம் ஆண்டு மே மாதத்தில், பால்பண்ணைகள் சூழ்ந்த வில்லா கார்டால் என்னும் சிற்றூரில், வைத்தியராக இருந்து ஜனாதிபதியான தபாரே வாஸ்கெஸின் ஆட்சி தொடங்கிய அந்த விநியோகம், 2009 முடிவதற்குள் தேசம் முழுவதையும் எட்டியது. வகுப்பறையில் கணினி நுழைவதை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்படுவனவற்றைப் படிக்கும்போதெல்லாம், விநியோகத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தத் தேசம் பெற்ற அனுபவத்தை இரு சாராரும் கவனிக்கவில்லையே என்ற எண்ணம் எனக்கு உண்டாகிறது.

கல்வி விஷயத்தில் உருகுவேக்கு ஒரு பூர்வ புண்ணியம் உண்டு. ஹோசே பெட்ரோ வரேலா என்னும் சீர்திருத்தவாதியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டிலேயே ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய தேசம் அது. அங்கே அரசாங்கப் பள்ளிக் குழந்தைகள், பெற்றோரின் செல்வம் எத்தகையதாயினும், ஒரே மாதிரியான வெள்ளை மேலங்கியும் கழுத்தில் நீல முடிச்சும் அணிந்துதான் வகுப்பில் உட்காருகிறார்கள். மடிக்கணினியையும் அந்த மேலங்கியின் வரிசையிலேயே வைத்துப் பார்த்ததால், தேர்தல் காலத்துத் தானம் என்ற வாடை அதில் வீசாமல், ஆட்சிகள் மாறியபோதும் திட்டம் மாறாமல் நின்றது.

அந்த யந்திரத்தை உருவாக்கியவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டே. நூறு டாலர் விலையில் தருவதாக அவர் சொன்ன கணினி, கடைசியில் இருநூறு டாலரை நெருங்கியது. அது பெரிய குற்றமன்று. குழந்தையிடம் கருவியைக் கொடுத்துவிட்டால் மற்றதைக் குழந்தையே கற்றுக்கொள்ளும் என்ற அவருடைய சித்தாந்தந்தான், உபாத்தியாயரை ஓரத்தில் நிற்கவைத்த காரணத்தால், பெருஞ்செலவுக்கு இடமாயிற்று. பெரு நாட்டு சர்க்கார் அதே கணினிகளை லட்சக்கணக்கில் வாங்கி, மலைப்பிரதேசத்துக் கிராமப் பள்ளிகள் வரையில் அனுப்பியது. பல ஊர்களில் இணையத் தொடர்பு கிடையாது. ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியோ சொற்பம். 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட அறிக்கை, கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்று கூறிற்று.

உருகுவேயிலும் முதலில் நேர்ந்தது இதுவே என்பதை மறைக்கக் கூடாது. குடியரசுப் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆராய்ச்சியிலும், கணினி வந்த முதல் ஆண்டுகளில் வாசிப்போ கணிதமோ உயர்ந்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, கொடுத்த கணினிகளில் கணிசமான பகுதி பழுதாகிவிட, ஏழைக் குடும்பங்களில்தான் அந்தப் பழுது மிகுதியாயிருந்தது. சமத்துவத்துக்காக வந்த சாதனம், உடைந்த மறுநாள் முதல் பழைய ஏற்றத்தாழ்வையே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவன் ஆண்டுதோறும் தூர் வாரவும் ஆள் வைக்க வேண்டியிருப்பதைப் போல, கணினி கொடுத்த சர்க்கார் பழுது பார்க்கும் ஏற்பாட்டையும் தேசமெங்கும் பரப்ப வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக மாணவர்களும் தன்னார்வத் தொண்டர்களும் ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களுக்கு உதவினார்கள். 2010இல் தனிச் சட்டம் இயற்றி, செய்பால் மையம் என்ற நிரந்தர ஸ்தாபனத்தையே நிறுவினார்கள். புகைப்படத்துக்கு உகந்த வேலை இதில் ஒன்றுமில்லை. அதனாலேயே பிற தேசத்து மந்திரிகள் யாரும் இதைப் பின்பற்ற ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, 2012இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு அவர்கள் தொடங்கிய ஆங்கில போதனைத் திட்டம். ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் ஆங்கில ஆசிரியர்களை நியமிப்பதென்றால், அத்தனை பேர் அந்தத் தேசத்தில் இல்லை. ஆகவே வகுப்பறைச் சுவரில் பெரிய திரை ஒன்றைப் பொருத்தி, தலைநகர் மாண்டிவிடியோவிலோ பியூனஸ் அயர்ஸிலோ, சில சமயம் சமுத்திரங்களுக்கு அப்பால் மணிலாவிலோ அமர்ந்திருக்கும் ஆசிரியர், வாரத்தில் ஒரு பாடத்தை நேருக்கு நேர் நடத்தும்படி செய்தார்கள். குழந்தைகள் கேள்வி கேட்கலாம், அவரும் பதில் சொல்வார். மீதிப் பாடங்களை நடத்துபவர் வகுப்பின் சொந்த ஆசிரியையே. அவருக்கு ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. மாணவர்களோடு சேர்ந்து தாமும் கற்றுக்கொள்கிறார், தூரத்து ஆசிரியரோடு கலந்து பேசி வாரத்துப் பாடத்தை வகுத்துக்கொள்கிறார். தமக்குத் தெரியாத ஒன்றைக் குழந்தைகளின் முன்னிலையிலேயே கற்க ஓர் உபாத்தியாயர் சம்மதிப்பது சாமானியமான காரியமா? கௌரவத்தை அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கக் கூடியவர்கள் நம் தொழிலிலோ பிறர் தொழிலிலோ எத்தனை பேர்! ஓர் ஆசிரியரைக் கடல் கடந்து கொண்டுவந்து, இன்னோர் ஆசிரியரின் பக்கத்தில் நிறுத்துவதற்காகவே அங்கே யந்திரம் உழைத்தது. இத்திட்டத்தில்தான் குழந்தைகளின் தேர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு பரீட்சையில் புலப்பட்டது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆரம்பப் பள்ளியைத் தாண்டி மேலே போகும் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் மேல்நிலைக் கல்வியை உரிய காலத்தில் முடிக்காமல் நின்றுவிடுவது உருகுவேயின் நெடுநாளைய நோய். அதற்குக் கணினி மருந்தாகவில்லை. ஆயினும் 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகளை மூடியபோது, கணினியும் இணையப் பாட மேடையும் ஏற்கெனவே கைவசம் இருந்ததால், அண்டை தேசங்கள் திகைத்து நின்ற வேளையில் அங்கே பாடங்கள் உடனே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவ்வளவு சாதனங்களை உடைய தேசம் பள்ளிகளைத் திறக்க நிதானமாகக் காத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் மூடிய ஐந்தாறு வாரங்களுக்குள், ஏப்ரல் 22ஆம் தேதி, விருப்பமுள்ள பெற்றோர் அனுப்பினால் போதும் என்று சொல்லி, மாணவர் தொகை குறைந்த கிராமாந்தரப் பள்ளிகளை லத்தீன் அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் திறந்தவர்கள் உருகுவேக்காரர்கள்தாம்.