வெயில் நாட்டில் வெளிக்காற்று வீணா?

"வெளிக்காற்றைக் கொண்டு எந்திரத்தைக் குளிர்விப்பதெல்லாம் பனி நாட்டுக்காரன் வேலை. நம் ஊர் வெக்கைக்குக் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி." சிங்கப்பூரில் ஆலை நடத்துபவர்கள் பலர் இதை வேதவாக்காக நம்புகிறார்கள். தவறான நம்பிக்கை இது. அதற்கான விலையை மின்கட்டணமாக மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்று மூன்று எம்ஆர்டி தடங்கள் சந்திக்கும் டோபி காட்டில் ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துவைத்த துணியைத் திறந்தவெளியில் உலர்த்தினார்கள். இந்தப் புழுக்கத்திலும் துணி உலர்ந்தது, காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டதால்தான். 1939இல் அதே வட்டாரத்தில் ஏர்கானோடு கேத்தே திரையரங்கு திறந்தது. அதன்பின் குளிர்ச்சி என்றாலே கம்ப்ரசர் என்றாகிவிட்டது. லீ குவான் இயூவே 1999இல் ஆயிரமாண்டின் பெரிய கண்டுபிடிப்பாக ஏர்கானைத்தான் சொன்னார். மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறைக்கு அவர் சொன்னது சரி. எந்திரத்துக்கு ஏன் அதே அளவுகோல்?

ஸ்வீடனின் லூலியோவில் ஃபேஸ்புக் 2013 முதல் வெளிக்காற்றாலேயே சர்வர்களைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்று நமக்குக் கிடைக்காது, உண்மைதான். ஆனால் நம் வெளிக்காற்று 31 டிகிரியில் இருக்கும்போதும், அதில் நனைந்த துணி சுற்றிய வெப்பமானி பெரும்பாலும் 25, 26 டிகிரிதான் காட்டும். கூலிங் டவரில் நடப்பதும் அதுதான். மேலிருந்து சிதறி விழும் நீரில் ஒரு லிட்டர் ஆவியானால், மற்ற நூறு லிட்டரின் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி இறங்கும். ஒரு விசிறியும் ஒரு பம்பும் போதும், 29, 30 டிகிரித் தண்ணீர் கைக்கு வந்துவிடும்.

அது போதாது என்று யார் சொன்னது? பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரத்தில் அச்சுக்குச் சில்லர் தண்ணீர் தேவைப்படலாம். ஆனால் அந்த எந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் 45 டிகிரியில் நன்றாகவே ஓடும். காற்றழுத்தக் கம்ப்ரசருக்கும் டவர் தண்ணீர் தாராளம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே குழாயில் 7 டிகிரித் தண்ணீரை அனுப்புவது அநியாயம்.

தரவு மையங்களிலும் இதே கதை. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் 7 விழுக்காடு அவற்றுக்குப் போனது. பல மையங்கள் 22 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடந்தன. 2023இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் (ஐஎம்டிஏ) வெளியிட்ட வெப்பமண்டலத் தரநிலை, மையங்களின் வெப்பநிலையை 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் படிப்படியாக உயர்த்தலாம் என்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம். அப்படியிருந்தும் மையங்களை நடத்துபவர்கள் அதில் கைவைக்கத் தயங்குகிறார்கள்.

வெளிக்காற்றை நேராக உள்ளே விடச் சொல்லவில்லை. ஈரமும் புகைமூட்டமும் மின்பலகைகளைக் கெடுக்கும். காற்று டவரோடு நிற்கட்டும், தண்ணீர் மட்டும் உள்ளே போகட்டும்.

டவர் தண்ணீரைக் குடிக்கும் என்பது கடைசி வாதம். நீர்குளிர் சில்லர் இழுக்கும் வெப்பமும் மாடியிலுள்ள அதே டவருக்குத்தான் போகிறது, கம்ப்ரசரின் சொந்த வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டு. ஆக, சில்லர் வழியில்தான் தண்ணீர் கூடுதலாக ஆவியாகிறது.