அரைக்கிலோவும் 0.500-உம்

அமீரகத்தின் அல் ஐனில் ஜூன் பிறந்தால் பேரீச்சைக் குலைகள் பழுக்கத் தொடங்கிவிடும். ஊர் நடுவிலேயே சுமார் 1,200 ஹெக்டேருக்குப் பேரீச்சந்தோப்பு. அதற்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய ஃபலஜ் கால்வாய்களையும் சேர்த்துத்தான் 2011-இல் யுனெஸ்கோ அல் ஐனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அப்படிப்பட்ட ஊரில், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு என்ன தொழில் பழக்கலாம் என்று யோசிக்கும் ஆசிரியருக்குப் பேரீச்சம்பழம் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு.

ஓர் இளைஞரை மனத்தில் கொள்வோம். இவர் ஒரே ஆள் இல்லை. நம் வகுப்பறைகளில் நாம் கண்ட பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறோம். வயது 19. அப்பா அல் ஐனில் கணக்கர். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பழத்தைப் பெட்டியில் அடைக்கும் வேலையைச் சிறப்பாசிரியர் 11 படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார். கையுறை போடுவது, கசங்கிய பழத்தை ஒதுக்குவது, பெட்டியைத் தராசில் வைப்பது என்று போகிறது பட்டியல். எட்டாவது படிதான் கடினம்: 500 கிராம் வந்ததும் நிறுத்த வேண்டும். இளைஞருக்கு 500 என்ற அளவு பிடிபடவில்லை. ஆசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். தராசின் திரைக்கு மேலே பெரிதாக 5 என்று எழுதிய அட்டையை ஒட்டினார். திரையில் மூன்று எண் வந்து, முதல் எண் அட்டையில் இருப்பதுபோல் ஆனதும் நிறுத்து, அவ்வளவுதான். 480, 491, 502. நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் 11 படிகளையும் யார் உதவியும் இல்லாமல் செய்தார். சில வாரங்களில் அட்டையையும் எடுத்துவிட்டார்கள், அப்போதும் தவறவில்லை. தனிநபர் கல்வித் திட்டத்தில் அந்த இலக்குக்கு நேரே 'எட்டப்பட்டது' என்று பதிவாயிற்று.

அப்பாவின் வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்புகிறது. சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. பொட்டலம் கட்டும் வேலை தெரிந்த பையன் என்று ஆசையோடு நிறுத்திக்கொள்கிறார். "ஏல, அரைக்கிலோ துவரம்பருப்பு போடுல" என்கிறார். 'அரைக்கிலோ' என்ற சொல்லை இளைஞர் கேட்டதே இல்லை. அல் ஐன் பயிற்சி மையத்தில் அது 'ஃபைவ் ஹண்ட்ரட்'. பக்கத்துப் பையன் பையைக் காட்டியதும் பருப்பை அள்ளிப் போடத் தொடங்குகிறார். கடைத் தராசு கிலோவில் காட்டுகிறது: 0.480, 0.502, 0.655. முதல் எண் 0-ஆகவே நிற்கிறது. அவர் கற்றபடி சரியாகத்தான் செய்கிறார். 5 வரும்வரை அள்ளுகிறார். பை நிறைந்து பருப்பு மேசையில் சிந்துகிறது. "இவனுக்கு ஒண்ணும் தெரியலையே, அங்க என்னத்தச் சொல்லிக் கொடுத்தாவ?" என்று சித்தப்பா கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்த இளைஞருக்குத் தெரிந்த வேலை மறந்துவிடவில்லை. அந்த வேலை ஒரே ஒரு மேசையில், ஒரே ஒரு தராசில், ஒரே ஒரு மொழியில் மட்டும் வாழும்படி நாம் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகப் போகாது என்பது நம் துறையின் பழைய பாடம். 1977-இல் ஸ்டோக்ஸ், பேயர் இருவரும் பொதுமைப்படுத்தல் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் மிக அதிகமாகக் காணப்பட்ட வழி இதுதான்: பழக்குவது, பிறகு மற்ற இடங்களிலும் அது நடக்கும் என்று நம்பியிருப்பது. இதை மாற்ற அவர்கள் சொன்ன வழிகள் எளியவை. பல எடுத்துக்காட்டுகளோடு கற்றுக்கொடுங்கள். போகப்போகும் இடத்துப் பொருள்களைப் பயிற்சி அறைக்குள் கொண்டுவாருங்கள். சொல்லும் முறையைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், 1972-இல் மார்க் கோல்ட் அமெரிக்கப் பணிக்கூடங்களில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ளோருக்கு 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். அது கைவந்ததும், 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கை முன்னால் வைத்து, கற்றது அதற்கும் போகிறதா என்று சோதித்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இரண்டாவது பிரேக்கைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வளைகுடாத் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது பிரேக்கின் பெயர் சொந்த ஊர். அமீரகத்தில் தங்கும் உரிமை பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டது. முன்பெல்லாம் மகனுக்கு 18 முடிந்தால், படித்துக்கொண்டிருந்தால் தவிர, பெற்றோரின் பொறுப்பில் விசா வைத்திருப்பது கடினம். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள் மகன்களுக்கான வயதை 25-ஆக உயர்த்தின. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வயது வரம்பையே நீக்கின. பல வீடுகளில் இது பெரிய நிம்மதி. ஆனால் அப்பாவின் வேலை முடியும் நாள் அப்படியேதான் இருக்கிறது. அதனால் அல் ஐனில் கற்கும் ஒவ்வொரு தமிழ் இளைஞருக்கும் இரண்டு ஊர்கள் உண்டு. அவர் கற்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது ஊரில்தான் பயன்பட வேண்டியிருக்கும்.

அமீரகத்தின் அக்கறையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2004-இல் அபுதாபி அரசு ஜாயித் உயர் அமைப்பு என்ற பெயரில் நிறுவிய நிறுவனம் அல் ஐன் உள்ளிட்ட ஊர்களில் பராமரிப்பு, கல்வி, தொழில் மறுவாழ்வு ஆகிய பணிகளை நடத்துகிறது. 2006-இல் 29-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை வகுத்தது. 2017-இல் 'மன உறுதி கொண்டோர்' என்ற பொருள்படும் அரபுப் பெயரை அரசு ஏற்றது. தமிழ்நாடு 2010-இல் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லுக்கு வந்ததை நாம் நினைவில் கொள்ளலாம். 2019 மார்ச்சில் அபுதாபியில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் உலகப் போட்டிகளில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,500 வீரர்கள் பங்கேற்றார்கள். பெயர் மாறியது, சட்டம் வந்தது, மேடையும் கிடைத்தது. மீதி வேலை வகுப்பறையில் இருக்கிறது. அது ஆசிரியரின் வேலை.

தராசு ஓர் எடுத்துக்காட்டுதான். சாலையைக் கடப்பதைப் பாருங்கள். அமீரகத்தில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நடைபாதை ஓரத்தில் நிற்பவருக்கு முதல் ஆபத்து இடப்பக்கத்திலிருந்து வரும். 'முதலில் இடப்பக்கம் பார்' என்று ஆயிரம் முறை பழக்கிய பிள்ளை பாளையங்கோட்டைச் சாலையில் நின்று இடப்பக்கம் பார்க்கும். பேருந்து வலப்பக்கத்திலிருந்து வரும். (நம் ஊரில் இரண்டு பக்கமும் வரும் என்பது வேறு கதை, அதனாலேயே 'இரண்டு பக்கமும் பார், வண்டி நின்றதும் நட' என்று முதலிலிருந்தே சொல்லிக்கொடுப்பது நல்லது.) பணத்தைப் பாருங்கள். திர்ஹம் நாணயத்தின் அரபு எண்ணை வடிவமாக அடையாளம் காணப் பழகியவருக்கு ரூபாய் நாணயம் வெறும் வட்டத் தகடு.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 'வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள்' என்ற அறிவுரை அடிக்கடி கிடைக்கிறது. இரண்டு மொழி குழப்பிவிடும் என்ற அச்சம் நல்லெண்ணத்தில் பிறந்தது; ஆனால் சான்று அதன் பக்கம் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளை அதே நிலையிலுள்ள ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, 2005-இல் கனடாவின் கே-ரெயினிங் பேர்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, இரண்டாவது மொழியால் கெடுதல் வந்ததாகக் காட்டவில்லை. தமிழை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை இழப்பது பாட்டியோடு பேசும் வாய்ப்பு மட்டுமா? வருங்காலத்தில் அவருக்கு வேலை சொல்லப்போகிறவரின் மொழியையும் சேர்த்தே இழக்கிறது. 'அரைக்கிலோ' என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் சித்தப்பா கடையில் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. ஓரிடத்தில் ஒழுங்காகக் கற்கவே ஆறு மாதம் ஆகும்போது, ஆரம்பத்திலேயே இரண்டு தராசு, மூன்று சொல் என்று போனால் பிள்ளை குழம்பிவிடாதா? குழம்பும். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கு முதல் கற்றல் நிலையாக இருக்க வேண்டும். அங்கே மாற்றம் வேண்டாம். ஆனால் 'எட்டப்பட்டது' என்று எழுதும் நாள் ஒன்று வருகிறதல்லவா, அந்த நாளில்தான் இரண்டாவது தராசை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நாம் அந்த நாளில் கோப்பை மூடிவிட்டு அடுத்த இலக்குக்குப் போய்விடுகிறோம்.

அல் ஐனில் பணிபுரியும் நம்மவர்களுக்கு ஓர் அரிய வசதி இருக்கிறது. நாம் அதை வீணாக்குகிறோம். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் பெரும்பாலான குடும்பங்கள் ஊருக்கு வந்துவிடுகின்றன. நாம் அதைப் பயிற்சி அறுந்துபோகும் காலமாகப் பார்க்கிறோம். உண்மையில் ஆண்டுதோறும் செலவில்லாமல் கிடைக்கும் சோதனைக்களம் அது. பெற்றோரிடம் அரைப் பக்கத் தாள் ஒன்று கொடுத்தனுப்பலாம். மூன்று வேலைகள் போதும்: கடையில் ஒன்று வாங்குவது, வீட்டில் ஒரு பொருளை நிறுப்பது, தெருவைக் கடப்பது. எங்கே நின்றுபோனார், யார் என்ன சொல்லில் சொன்னபோது புரிந்தது என்று குறித்துக்கொண்டு வரட்டும். தாத்தா வீட்டுத் தராசையும் கடைத் திரையையும் செல்பேசியில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். செப்டம்பரில் அந்தப் படம் பயிற்சி அறைச் சுவருக்கு வந்துவிடும். கிலோவில் காட்டும் தராசு ஒன்றை அல் ஐனிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பும் குடும்பத்தின் கையில் ஒரு கோப்பும் போக வேண்டும். அது ஆங்கில மதிப்பெண் பட்டியலாக இருந்தால் சித்தப்பாவுக்குப் பயனில்லை. தமிழில் நான்கு பக்கம்: என்ன செய்வார், எந்தச் சொல்லுக்குச் செய்வார், தடுமாறினால் கையைப் பிடிக்க வேண்டுமா, சுட்டிக்காட்டினால் போதுமா, எத்தனை நேரத்தில் களைப்பார். கூடவே இரண்டு நிமிடக் காணொளி. அதே கோப்பில், ஊரில் முடிக்க வேண்டிய காகித வேலைகளும் இருக்கட்டும். அமீரகம் கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டை இங்கே செல்லாது. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியத் தனித்துவ அடையாள அட்டைக்கு மருத்துவக் குழு புதிதாக மதிப்பிட வேண்டும். 18 நிறைந்தவருக்குக் காப்பாளர் தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து இறங்கிய பிறகு இவற்றைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் அலைச்சலில் ஓர் ஆண்டைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு. வளைகுடாவிலிருந்து 22 வயதில் திரும்பும் இளைஞரை, நம் மையத்தில் என்ன நடக்கிறதோ அதில் உட்காரவைப்பது நம் பழக்கம். மெழுகுவத்தி, ஃபினாயில், காகிதப் பை; எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இந்த மூன்றுதான். நமக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவை என்பதால் அவை தொழிலாகிவிட்டன; வாங்குவோர் பெரும்பாலும் நன்கொடையாளர்கள். 11 படிகளில் வேலை செய்து பழகியவரை மீண்டும் மணி கோக்கும் முன்தொழில் வகுப்பில் சேர்ப்பது அவருடைய பயிற்சிக் காலத்தையே அழிப்பதற்குச் சமம். கோப்பு வந்தால் அதைப் படிப்போம். வராவிட்டால் கேட்டு வாங்குவோம். வேலை செய்யப்போகும் கடைக்கு நாமே முதல் வாரம் போய் அருகில் நிற்போம். முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே பழக்கு என்ற ஆதரவு வேலைவாய்ப்பு முறை 1980-களிலிருந்து சொல்லிவருவது இதைத்தான். அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டை வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் நம் இளைஞர்களில் பெரும்பாலோர் போகப்போவது உறவினர் கடைக்கும் தெருமுனை உணவகத்துக்கும்தான். நாம் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

ஒரு சிறு மாற்றத்தை இந்த இதழ் முன்வைக்கிறது. சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையை நம்மில் பலர் மனப்பாடமாக அறிவோம்: 18 துறைகள், 360 செயல்கள்; செய்தால் ஏ, செய்யாவிட்டால் பி. அந்தப் பட்டியலை மாற்றச் சொல்லவில்லை. ஏ என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் 'எங்கெல்லாம்?' என்று ஒரு கட்டம் போடுங்கள். பயிற்சி அறை, வீடு, கடை, ஊர். நான்கில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால் அந்த ஏ இன்னும் பாதிதான். நம் பழைய கோப்புகளை எடுத்து இந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் எத்தனை ஏ தேறும் என்ற கேள்வி கொஞ்சம் சங்கடம் தரும். தரட்டும்.

இந்த விடுமுறையில் ஊருக்கு வரும் குடும்பங்கள் ஜூலை முதல் வாரத்தில் விமானம் ஏறும். அரைப் பக்கத் தாளைத் தயாரிக்க இன்னும் நாள் இருக்கிறது.