கைத்தொலைபேசியும் தமிழெழுத்தும்

மாணாக்கர் தமிழைப் பிழையற எழுதுகின்றாரில்லை என்னும் முறைப்பாடு புதியதன்று. தமிழாசிரியர் இருவர் கூடுமிடத்தில் இப்பேச்சு எழாதிருத்தல் அரிது. புதியது யாதெனில், அதற்கு இப்பொழுது கூறப்படும் காரணமே. முன்னர்ச் சினிமாவைக் குறை கூறினர். பின்னர்த் தொலைக்காட்சியைக் கூறினர். இன்று கைத்தொலைபேசியைக் கூறுகின்றனர். குறுஞ்செய்தியும் வட்ஸ்அப்பும் முகநூலும் பிள்ளைகளின் மொழியைக் கெடுத்துவிட்டன என்பது ஆசிரியர் பலருடைய துணிபு. இத்துணிபு எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதை ஆராய்தல் நம் கடன். நோயின் இடம் அறியாது மருந்து கொடுத்தலாற் பயனில்லை.

சுருக்கி எழுதுதலே குற்றம் என்பாரை முதலில் நோக்குவோம். சுருக்கம் தமிழுக்குப் புறம்பானதன்று. நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தைக் கூறுமிடத்துச் சுருங்கச் சொல்லுதலையே முதலில் வைத்தார். நம் முன்னோர் உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் நாளுக்கு ௳ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், வருடத்துக்கு ௵ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் குறியிட்டு எழுதினர். அதனால் அவர்கள் தமிழ் கெட்டதில்லை. எங்கே சுருக்குவது, எங்கே விரிப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின், ஒரு பிள்ளை தோழனுக்கு விரைந்து எழுதும் இரண்டு வரியிற் சொல் குறைந்தது என்று வருந்துதல் வேண்டா.

இவ்வழக்கு ஆங்கிலேயரிடத்தும் எழுந்தது. மொழியியலறிஞர் டேவிட் கிறிஸ்டல் 2008 இல் குறுஞ்செய்தி மொழியைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி, அதுபற்றிய அச்சம் மிகையானது என்று காட்டினார். அடுத்த ஆண்டில், கொவென்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்து நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. குறுஞ்செய்திச் சுருக்கங்களை மிகுதியாக ஆண்ட பிள்ளைகள் வாசிப்பிற் பின்தங்கினாரல்லர்; சொற்களை வாசிக்கும் திறனும் சுருக்கங்களை ஆளும் பழக்கமும் ஒருங்கே நிற்கக் காணப்பட்டன. இதில் வியப்பில்லை. ஒரு சொல்லை அதன் ஒலி கெடாமற் சுருக்குவதற்கு, எவ்வொலிக்கு எவ்வெழுத்து என்னும் அறிவு வேண்டும். சுருக்குதலும் ஒருவகை எழுத்துப் பயிற்சியே.

இவ்வாறுதலை ஆங்கில ஆசிரியர் கொள்ளலாம். தமிழாசிரியர் கொள்ளலாகாது. ஆங்கிலப் பிள்ளை ஆங்கிலத்தை ஆங்கில எழுத்தாற் சுருக்குகின்றது. நம் பிள்ளையோ தமிழை ஆங்கில எழுத்தால் எழுதுகின்றது. முன்னையது சுருக்கம், பின்னையது மாற்றம். நாள்தோறும் நூறு செய்தி அனுப்பினும் அப்பிள்ளையின் விரல் ஒரு தமிழெழுத்தையேனும் தீண்டுவதில்லை. நோயின் இடம் இதுவென்பதே யான் கூற வந்தது.

இவ்வழக்கம் பிள்ளைகளின் சோம்பலாற் பிறந்ததன்று. முதலாவது குறுஞ்செய்தி 1992 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆந் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆங்கில எழுத்தாயின் 160. ஒருங்குறியில் அமைந்த தமிழெழுத்தாயின் 70. அவ்வெழுபதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருங்குறி நம் நெடுங்கணக்கின் வழி எண்ணுவதன்று. அகரமேறிய எழுத்தையும் அதனோடு சேரும் குறியையும் வெவ்வேறாக எண்ணும். ஆகவே, தமிழ் என்னும் மூன்றெழுத்துச் சொல் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து இடங்களைக் கொள்ளும். உரோமன் எழுத்தில் ஒரு செய்தியாய் அடங்குவது தமிழெழுத்தில் இரண்டாய், மூன்றாய்ப் பிரியும்; கட்டணமும் அவ்வாறே பெருகும். அக்காலத்துத் தொலைபேசிகள் பலவற்றில் தமிழெழுத்துத் தோன்றுவதுமில்லை. வெறுங் கட்டங்களே தோன்றும். காசுக்கும் கருவிக்கும் அஞ்சியே நம்மவர் உரோமன் எழுத்தைக் கைக்கொண்டனர்.

அக்காரணங்கள் இன்று இல்லை. 2005 இலேயே செல்லினம் என்னும் செயலி கைத்தொலைபேசியிலே தமிழெழுத்துக்கு வழி திறந்தது. இன்று விற்கப்படும் தொலைபேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளது. வட்ஸ்அப்பில் எழுபதெழுத்து என்னும் வரையறையும் இல்லை. காரணம் நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை. முடவனுக்காக எடுத்த ஊன்றுகோலைக் காலுள்ளவன் கைவிடாதிருத்தல் போன்றது இது.

இனி, இதனால் விளையும் கேட்டை நோக்குவோம். வீ, ஏ, எல், ஐ என்னும் நான்கு உரோமன் எழுத்துக்களைச் சேர்த்து ஒருவர் எழுதுகின்றார். அது வலியோ, வளியோ, வழியோ, வாலியோ, வாளியோ? ஐந்து சொல்லுக்கும் உருவம் ஒன்றே. தமிழறிந்தவர் இடம் நோக்கி இன்னதென்று உணர்ந்து கொள்வர். ஆதலாற் கேடில்லை என்பாரும் உளர். ஏட்டுச் சுவடிகளைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். பனையோலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரிய எழுதும் இன்றைய முறை வீரமாமுனிவரால் அமைந்தது. அவர் காலம் 1680 முதல் 1747 வரை. அதற்கு முற்பட்ட ஏடுகளைப் படித்தவரும் இடம் நோக்கியே படித்தனர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அத்தகைய ஏடுகளை ஒப்பிட்டன்றோ 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்?

உண்மை. ஆனால் அவர் ஏட்டைக் கையிலெடுக்குமுன் இலக்கணமும் நிகண்டும் அவர் நெஞ்சில் இருந்தன. ஏட்டில் இல்லாத புள்ளியை அவர் அறிவு இட்டுக்கொண்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வறிவு எங்கிருந்து வரும்? மொழியைக் கற்று முடித்தவன் குறைபட்ட எழுத்தைப் படித்தல் வேறு. குறைபட்ட எழுத்தாலேயே மொழியைக் கற்றல் வேறு.

இக்கேடு கட்டுரைக் கொப்பிகளில் வெளிப்படக் காண்கின்றேன். வாழ்த்து என்னும் சொல் இப்பொழுது இருவகையாகப் பிழைபடுகின்றது. ஒன்று வாள்த்து; மற்றொன்று வால்த்து. முன்னையது பழம்பிழை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கின்றமையாற் காதை நம்பி எழுதும் பிள்ளை அவ்வாறு எழுதும். பின்னையதை என் ஆசிரியப் பணியின் முற்கூற்றிற் கண்டிலேன். வால்த்து என்று ஒலிப்பார் நம்மூரில் ஒருவரும் இலர். மகில்ச்சி என்பதும் பல்லிக்கூடம் என்பதும் அத்தகையனவே. இவை காதின்வழி வந்த பிழைகளல்ல, விரலின்வழி வந்தவை. உரோமன் எழுத்தில் லகர ளகர ழகரம் மூன்றுக்கும் எல் என்னும் ஓரெழுத்தையே நம்மவர் பெரும்பாலும் இடுகின்றனர். அவ்வோரெழுத்தைத் தமிழாக்கும்போது பிள்ளைக்கு முதலில் நினைவு வருவது லகரம். பேச்சிலும் இல்லாத, நூலிலும் இல்லாத ஒரு பிழை இவ்வாறு பிறந்தது.

சில வேற்றுமைகளை நம் காது நமக்குக் கற்பிக்காது என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. கழையும் களையும் நம்மூர்ப் பேச்சில் ஒன்றே. அவற்றை வேறுபடுத்தி வைத்திருப்பது எழுத்து. புணர்ச்சியும் அவ்வாறே. வேலை கொடுத்தான் என்றால் ஒருவனுக்குத் தொழில் கிடைத்தது. வேலைக் கொடுத்தான் என்றால் அவன் கையில் ஆயுதம் கிடைத்தது. இடையில் நின்ற ககர ஒற்றொன்றே இரண்டையும் பிரிக்கின்றது. கண்ணும் கையும் பயின்றாலன்றி இந்நுட்பம் கைவராது.

உரோமன் எழுத்தைத் தட்டினால் தொலைபேசியே தமிழாக்கித் தருகின்றதே என்று சிலர் வினாவலாம். தருகின்றது. தரும்போது ஒன்றையன்று, பல சொற்களை வரிசையாக நிறுத்தி, வேண்டியதை எடுத்துக்கொள் என்கின்றது. அவ்விடத்திற் பிள்ளை எழுத்திலக்கணத்திலே பரீட்சிக்கப்படுகின்றது. எழுத்தறிந்த பிள்ளை உரியதைத் தொடும். அறியாத பிள்ளை முதலில் நிற்பதைத் தொடும். கருவி அறிவுடையானுக்கு ஏவலாள், அறிவிலானுக்கு எசமான்.

பிற எழுத்தில் தமிழை எழுதுதலே பாவம் என்று யான் கூறேன். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அறபு எழுத்திலே தமிழை எழுதி, அறபுத்தமிழ் என ஓர் இலக்கியமே படைத்தனர். அறபியில் இல்லாத தமிழொலிகளுக்கு அவ்வெழுத்துக்களிலேயே குறியிட்டுப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் ஒவ்வொரு சொல்லையும் உரோமன் எழுத்தில் தருகின்றது. புள்ளியும் கோடும் இட்டு ழகர ளகரங்களை மயங்காமற் காக்கின்றது. அவர்களிடம் ஒழுங்கு இருந்தது. இன்றைய உரோமன் தமிழில் இல்லாதது அவ்வொழுங்கே.

கடல் கடந்து வாழும் நம் உறவினரின் பிள்ளைகளையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து, தமிழ் பேசக் கற்று, தமிழெழுத்தைக் கல்லாத பிள்ளை, ஊரிலுள்ள மைத்துனனுக்கு உரோமன் எழுத்திலே தமிழ் எழுதுகின்றது. அதனைப் பழித்தல் அறமன்று. அப்பிள்ளைக்கு அவ்வெழுத்து மொழிக்கு வரும் பாலம். தமிழெழுத்தைப் பாடசாலையிற் கற்ற நம் பிள்ளைக்கோ அதுவே மொழியினின்று போகும் பாலம்.

இது பரீட்சைப் புள்ளியோடு முடிவதாயின் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தத்தினால் இந்நாட்டிலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமை ஏட்டில் உள்ளதே, நடைமுறையில் இல்லை என்று முறையிடுகின்றோம், அம்முறையீடு நியாயமானது. ஆனால் காணியைப் பற்றியோ காணாமற்போன ஆவணத்தைப் பற்றியோ ஒரு பக்க விண்ணப்பத்தைத் தொடக்கமும் முடிவும் பொருந்தத் தமிழில் எழுத வல்ல இளைஞர் குறைவாராயின், அவ்வுரிமையை எவர் கொண்டு கேட்போம்? அவர்கள் ஆங்கிலத்திலும் எழுத அறியார். தமிழிலும் எழுத அறியார். ஒரு விண்ணப்பத்துக்காகப் பிறர் வாசலில் நிற்பர். எழுத்துப்பிழை என்று நாம் சிறிதாகக் கருதுவது அவ்விடத்திலே வாழ்க்கைப் பிழையாகின்றது.

ஆகவே, செய்யத்தக்கவை மூன்று கூறுவேன். தொலைபேசியைப் பறித்தல் அவற்றுள் ஒன்றன்று. 2020 இலும் 2021 இலும் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்கருவியே.

முதலாவது, தமிழ் விசைப்பலகையைத் தமிழ்ப்பாட வேளையிலேயே கற்பித்தல் வேண்டும். ரெங்கநாதன் அமைப்பு, தமிழ்99 அமைப்பு என நல்லன உள. உறுப்பெழுத்துப் பயிற்றுதல் எங்ஙனம் தமிழாசிரியர் கடனோ, அங்ஙனமே இதுவும். உரோமன் எழுத்தின் துணையின்றி ழகரத்தை ழகரமாகவே தொட்டு எழுதும் பிள்ளை ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் எழுத்தைப் பயிலும். கெடுத்தது என்று பழிக்கப்பட்ட கருவியே கற்பிக்கும்.

இரண்டாவது, சொல்வதெழுதலை மீட்டும் நிலைநாட்டல் வேண்டும். மேல் வகுப்பேறியதும் அதனைக் கைவிடுதல் பல பாடசாலைகளில் வழக்கமாயிற்று. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தனிச்சொற்களைச் சொல்லாது, வலியும் வழியும், அறையும் அரையும், மணமும் மனமும் பொருள் விளங்க வரும் வாக்கியங்களைச் சொல்லுதல் நன்று. பொருளோடு கற்ற எழுத்து மறவாது.

மூன்றாவது, பெரியோர் வழிகாட்டல் வேண்டும். பாடசாலை வட்ஸ்அப் குழுவிலே தமிழாசிரியரின் அறிவித்தல் உரோமன் எழுத்தில் வருமாயின், வகுப்பிலே அவர் திருத்தும் சிவப்பு மைக்கு மதிப்பில்லை. இலக்கிய வட்டத்தார் கூட்ட அழைப்பையும், கவிஞர் தம் கவிதையையும், பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் ஒரு வரியையும் தமிழெழுத்திலே எழுதுவாராக. பிள்ளைகள் நம் அறிவுரையைக் கேட்பதிலும் நம் செய்கையைப் பார்ப்பதே மிகுதி.

ஓலையிலிருந்து தாளுக்கும், எழுத்தாணியிலிருந்து அச்சுக்கும் தமிழ் வந்தது. ஒவ்வொரு முறையும் கருவி மாறிற்று. எழுத்துத் தன்னைத் திருத்திக்கொண்டு உடன் வந்தது. இம்முறை எழுத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கொண்டு செல்ல முயல்கின்றோம். அவ்வாறு செல்ல வேண்டிய தேவை இன்று இல்லை. கையிலுள்ள கருவியில் தமிழ் இருக்கின்றது. இன்று அனுப்பும் அடுத்த செய்தியை அதில் எழுதுவோமாக.