ஆடி அமாவாசைக்கு மட்டும் காட்டில் குடில்... மத்த நாள் பிள்ளைகளுக்கு ஏன் கதவடைப்பு?

ஆடி அமாவாசை நெருங்கும்போது அகஸ்தியர்பட்டி தற்காலிகப் பேருந்து நிலையத்துக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அம்மா இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. அப்பா தோளில் அரிசிப் பை, பாய்ச்சுருட்டு. ஆச்சி கையில் பாத்திர மூட்டை. தனியார் வாகனங்கள் மேலே போக முடியாது என்பதால் மொத்தக் குடும்பமும் அரசுப் பேருந்தில் ஏறி, பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறது. தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு ராத்திரி தங்குகிறது.

அந்த இடம் சாதாரணக் காடு இல்லை. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள் இருக்கிறது. சிறுத்தை, யானை, கரடி எல்லாம் நடமாடும் பகுதி. "சின்னப் பிள்ளைகளோட காட்டுல ராத்திரியா?" என்று சென்னைக்காரர் யாராவது கேட்டால், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குடும்பங்கள் பல சிரிக்கத்தான் செய்யும். அவர்களே சின்ன வயதில் அந்தக் குடிலில் தூங்கி எழுந்தவர்கள்.

வெளிநாட்டில் மலைக் குடில்களில் இரவு தங்கி நடக்கும் பயணத்துக்குக் குழந்தைகளையும் கூட்டிப்போவதை வீடியோக்களில் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். நம்ம ஊரில் அது கோயில் பயணம் என்ற பெயரில் தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே நடை கம்மி, இரவுதான் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய விஷயமே. நாலு வயதுக் குழந்தைக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்பது முக்கியமில்லை. விளக்கை அணைத்த பிறகு கேட்கும் ஆற்றுச் சத்தம்தான் மனதில் நிற்கும்.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகக் கட்டித் தொங்கும் செருப்புகளைப் பற்றிச் சொல்லும். சாமி ராத்திரி காட்டுக்குள் நடந்துபோவதால் அந்தச் செருப்பு தேய்கிறது என்ற நம்பிக்கை பெரியவர்கள் வாயிலாக வந்துசேரும். 2020-ல் மறைந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, இந்தத் திருவிழாவில் ராஜ உடையில் காட்சி தருவதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் கிடைக்காத சங்கதி இது.

அப்படின்னா பிரச்னை என்ன?

இந்த வாய்ப்பு வருடத்தில் சில நாள்தான். அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பு ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கியவர்கள் உண்டு. இப்போது வனத்துறை விரல்விட்டு எண்ணும் நாட்களுக்கே அனுமதி தருகிறது. பிளாஸ்டிக்குக்குத் தடை, சாவடியில் சோதனை. இதில் வனத்துறையைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தங்கினால் காடு என்னவாகும் என்பதற்கு, திருவிழா முடிந்த பிறகு அள்ளப்படும் குப்பையே சாட்சி. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் துணிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஆனா, மத்த நாட்களில் ஒரு குடும்பம் மட்டும் அமைதியாகப் பிள்ளைகளோடு ஒரு ராத்திரி காட்டருகே தங்க வேண்டும் என்றால் வழி ஏறக்குறைய இல்லை. முண்டந்துறை, குதிரைவெட்டி, செங்கல்தேரி என வனத்துறை ஓய்வு விடுதிகள் உண்டுதான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் நினைத்ததும் போய்க் கேட்கும் இடங்கள் இல்லை அவை. பாணதீர்த்தம் வழியாகப் பொதிகை உச்சிக்குப் போகும் பழைய பாதை பல ஆண்டுகளாக மூடியே கிடக்கிறது. கேரளா பக்கம் போனக்காட்டிலிருந்து ஏறி, அதிருமலை முகாமில் இரவு தங்கி அகத்தியர் மலைக்குப் போகலாம், அங்கே 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி கிடையாது. 1,868 மீட்டர் உயர மலைக்கு அந்தக் கட்டுப்பாடு சரியானதே.

ஆக, பெருங்கூட்டமாகப் போனால் புலிகள் காப்பகத்துக்குள் பிள்ளைகளோடு தங்கலாம். பத்துப் பேராகப் போனால் முடியாது. காட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் இது தலைகீழ் கணக்கு.

குரங்கணி போட்ட பூட்டு

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் குழுவில் குழந்தைகளும் இருந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, எளிது முதல் கடினம் வரை பாதைகளுக்குத் தரம் என எல்லாம் முறையாக இருக்கிறது. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் எளிதான பாதைகளில் மட்டும் நடக்கலாம்.

நல்ல தொடக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் அது பகல் நடை. காலையில் போய், சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

நார்வேயில் மலையேற்றச் சங்கம் ஒன்று 1868-ல் தொடங்கப்பட்டது (அகத்தியர் மலையின் உயரமும் அதே எண், சும்மா ஒரு பொருத்தம்தான்). இன்று அதன் கீழ் 500-க்கும் மேற்பட்ட மலைக் குடில்கள். பலவற்றில் ஊழியரே கிடையாது. உறுப்பினர்கள் பொதுச் சாவியால் திறந்து, எடுத்த உணவுப்பொருளைப் பதிவேட்டில் எழுதி, பணத்தைச் செலுத்திவிட்டுப் போக வேண்டும். குழந்தைகளுக்கென்றே அந்தச் சங்கத்தில் தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே புலியும் இல்லை, யானையும் இல்லை என்று சொல்வது நியாயம்தான். அந்த மாதிரியை அப்படியே முண்டந்துறைக்குள் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. புலிகள் காப்பகங்களுக்கான 2012 வழிகாட்டுதல்களும் மையப் பகுதியில் புதிய சுற்றுலாக் கட்டடங்களுக்கு இடம் தரவில்லை.

அதனால் குடில் காட்டுக்குள் வேண்டாம், அடிவாரத்தில் போதும். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு மலையடிவாரக் கிராமங்கள் பல காப்பகத்தின் விளிம்பில்தான் இருக்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவித் திட்டத்தில் இந்தக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டு, விறகுக்காகக் காட்டுக்குப் போனவர்களுக்கு மாற்றுத் தொழில் கடன் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் அதற்கு முன்னோடியாக எடுக்கப்பட்ட இடங்களில் களக்காடு முண்டந்துறையும் ஒன்று. அந்தக் குழுக்கள் கையில் ஐந்தாறு எளிய குடில்களைக் கொடுத்து, ஒரு இரவுக்கு இத்தனை குடும்பம்தான் என்று கணக்கு வைத்தால் என்ன? காலையில் ஒரு மணி நேர நடைக்கு மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்புகளைச் சேர்ந்த காணி மக்களை விட நல்ல வழிகாட்டி யார் கிடைப்பார்? கட்டணம் அவர்களுக்குப் போகட்டும். காட்டுத்தீ பருவத்திலும் பெருமழை நாட்களிலும் மூடிவிடட்டும்.

"ரிசார்ட் வந்துரும்" என்ற பயம் சும்மா இல்ல. மலைப்பகுதிகளில் நாலு குடில் என்று தொடங்கி நாற்பது அறையாக முடிந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தனியாருக்கு விடாமல், எண்ணிக்கையை அரசாணையிலேயே கட்டிப்போட வேண்டும். அதுகூட முடியாது என்றால் இந்த யோசனையைக் கைவிடுவதே மேல்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவோர் கவனத்துக்கு

இப்போதைக்கு இருக்கும் வாய்ப்பு திருவிழாவும் பகல் நடையும்தான். இரண்டிலும் பெற்றோர் முதலில் பயப்பட வேண்டியது சிறுத்தைக்கு இல்லை, தண்ணீருக்கு. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சியில் கொட்டும் மழை ஆற்றுக்கு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறிவிட வேண்டும். துணிமணியை எடுக்கத் திரும்பக் கூடாது.

குடிலை ஆற்றை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் மேட்டில் போடுவது நல்லது. புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் வெறுந்தரையில் படுக்க வைக்காமல், கை கால் மூடும் உடுப்பு போட்டுவிடலாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும். மிச்சச் சோற்றைக் குடிலுக்குப் பக்கத்தில் கொட்டினால் ராத்திரி பன்றி வரும், காலையில் குரங்கு வரும். மேலே செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அதனால் மருத்துவ முகாம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போய் இறங்கியதும் பார்த்துவைத்துவிட்டு, அப்புறம் குடில் கம்பை நடலாம்.